படிப்பிலும் ஜாதிப் பிரிவா?

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியதன் விவரம்)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் உயர்தரப் படிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று நம்மை அழைத்திருக்கிறீர்கள். காலேஜ் வாசற்படியை மாணவனாக ஒரு நாளும் மிதித்தறியாத நம்மைப் போய், காலேஜ் படிப்பு எப்படி இருக்கவேண்டும் என்று பேசச் சொல்வது சிலருக்கு வேடிக்கையாகக்கூட இருக்கலாம். ஆனால் சமைக்கத் தெரியாதவனுக்கும் சோறு வேகவில்லை என்பது தெரியும். டாக்டர் நோயைத் தவறாகக் கணித்தால் சாகிறவர்கள் நாம். என்ஜினீயர் கட்டின பாலம் இடிந்தால் அதன் கீழே அகப்படுகிறவர்கள் நாம். அவர்கள் இருவருடைய படிப்புக்கும் வரி கொடுக்கிறவர்களும் நாமே. ஆகவே அந்தப் படிப்பைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்கு யோக்கியதை உண்டு என்றே கருதுகிறோம்.

நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துப் பாருங்கள். புத்திக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

இப்பொழுது எல்லாத் தேசத்துப் படிப்பாளிகளும் இரண்டு சங்கதிகளைப் பற்றி அதிகமாகப் பேசுகிறார்கள். ஒன்று, வைத்தியம், ரசாயனம், கணிதம், சமூக சாஸ்திரம் என்று தனித்தனி அறைகளில் அடைபட்டுக் கிடக்கும் துறைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கற்பிப்பது. மற்றொன்று, வகுப்பில் உபாத்தியாயர் எதிரில் படிப்பதையும், தொழில் நடக்கும் இடத்தில் கையால் செய்து படிப்பதையும், கம்ப்யூட்டர், செல்போன் மூலம் வீட்டிலிருந்தே படிப்பதையும் கலந்து கற்பிப்பது. இதற்குக் கலப்புப் படிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கலப்பு என்ற வார்த்தையைக் கேட்டவுடனேயே நம்மில் சிலருக்குக் கலப்பு மணம் ஞாபகம் வந்து முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். பிரித்து வைத்ததில்தான் கேடு வந்தது, கலப்பதில் வரவில்லை என்பது மணத்தில் எவ்வளவு உண்மையோ அவ்வளவு படிப்பிலும் உண்மை என்பதுதான் நாம் இன்று சொல்லப்போகிற விஷயம்.

துறை துறையாகப் பிரிப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு மனிதன் எல்லாவற்றையும் படிக்க முடியாது. வேலைச் சௌகரியத்திற்காகப் பிரித்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் சௌகரியத்திற்காகப் போட்ட வேலி நாளடைவில் மதில் சுவராகி, இந்தப் பக்கத்தவன் உயர்ந்தவன், அந்தப் பக்கத்தவன் தாழ்ந்தவன் என்றும், இவன் அதைத் தொடக்கூடாது, அவன் இதைப் படிக்கக்கூடாது என்றும் ஆகிவிட்டால், அதற்குப் பெயர் படிப்பா, வருணாசிரமமா என்று கேட்கிறோம். இதற்கு உதாரணமாக வைத்தியப் படிப்பின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

மேலே உட்கார்ந்து வாசித்தவரும் கீழே நின்று அறுத்தவரும்

சுமார் 500 வருஷங்களுக்கு முன் ஐரோப்பாவில் மனித உடம்பின் அமைப்பை எப்படிக் கற்பித்தார்கள் தெரியுமா? பேராசிரியர் உயரமான ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கேலன் என்ற பழைய வைத்தியரின் நூலை லத்தீன் பாஷையில் வாசிப்பார். கீழே மேஜையில் பிரேதம் கிடக்கும். அதை அறுப்பவர் ஒரு சவரத் தொழிலாளி. அவருக்கு லத்தீன் தெரியாது. பேராசிரியரோ பிரேதத்தைத் தொடமாட்டார். தொட்டால் அவருடைய கௌரவம் என்னாவது? வாசிப்பவர் பார்ப்பதில்லை, பார்ப்பவருக்கு வாசிக்கத் தெரியாது. சுற்றி நிற்கும் மாணவர்களுக்கோ இரண்டும் இல்லை. மேலே வாசித்தது கீழே கிடப்பதற்குப் பொருந்தாவிட்டால் கேட்பார் யார்?

கேலன் கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பெரிய அறிவாளிதான். ஆனால் அவர் அதிகமாக அறுத்துப் பார்த்தது குரங்கு, பன்றி முதலிய பிராணிகளையே. அதனால் மனிதனுடைய கீழ்த்தாடை இரண்டு எலும்புகளாலானது என்று எழுதினார். அவர் காலத்துக்குப் பின் 1300 வருஷங்களுக்கு மேல் ஆகியும் அந்த வாக்கே பெரும்பாலும் வேதவாக்காக நின்றது. வளர்ந்த மனிதனின் தாடை ஒரே எலும்பு என்பதை எந்தச் சுடுகாட்டிலும் யாரும் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கிற வேலை தாழ்ந்த வேலை என்று வைத்துவிட்டதால் பார்க்க ஆளில்லை.

வெசாலியஸ் என்ற வாலிபர் 1537-ல் இத்தாலியிலுள்ள பாதுவா சர்வகலாசாலையில் ஆசிரியரானபோது அவருக்கு வயது 23-க்குள்தான். அவர் அந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்தார். கத்தியைத் தம் கையிலேயே எடுத்துக்கொண்டார். வாசிப்பதும் அறுப்பதும் காட்டுவதும் ஒரே ஆளிடத்தில் சேர்ந்தவுடன் கேலனுடைய பிசகுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. 1543-ல் அவர் மனித உடம்பைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அதற்குச் சித்திரம் எழுதினவர்கள் ஓவியர்கள். அதை மரக்கட்டையில் செதுக்கினவர்கள் கைத்தொழிலாளர்கள். அச்சிட்டவர் பாசல் நகரத்து அச்சுக்காரர். அந்த வைத்திய நூல் உலகப் பிரசித்தி பெற்றது இந்த நாலு தொழிலும் ஒன்று சேர்ந்ததால்தான்.

இதைக் கண்டு பண்டிதர்கள் என்ன சொன்னார்கள்? பாரீசிலிருந்த அவருடைய பழைய ஆசிரியர் சில்வியஸ் என்பவர், கேலன் தவறவில்லை, கேலன் காலத்திற்குப் பிறகு மனிதனுடைய சரீரந்தான் மாறிவிட்டது என்று வாதாடினார்! புஸ்தகம் பொய்யாகாது, வேண்டுமானால் மனிதன் பொய்யாகட்டும் என்பது எல்லாத் தேசத்துப் புரோகிதத்திற்கும் பொதுச் சொத்து போலும்.

நாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் நம் ஊர்ச் சங்கதி என்ன? நம் நாட்டில் சவரத் தொழில் செய்த வகுப்பாருக்கே மருத்துவர் என்று பெயர் இருந்தது. கட்டியைக் கீறினவர் அவர். பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி அவர் வீட்டுப் பெண். ரத்தத்தையும் சீழையும் தொட்டு மனிதனைக் காப்பாற்றினவர்களைத் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கி, ஏட்டுப் படிப்பைக் கொடுக்காமல் வைத்தோம். ஏடு படித்தவர் பிரேதத்தைத் தொட்டால் தீட்டு என்று வைத்தோம். 1835-ல் கல்கத்தா வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. மறு வருஷம், சம்ஸ்கிருதக் கல்லூரியில் ஆயுர்வேதம் கற்பித்து வந்த மதுசூதன் குப்தா என்பவர் ஜாதிக் கட்டுப்பாட்டைத் தள்ளிவிட்டுப் பிரேதத்தைக் கையால் அறுத்தது ஒரு பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது. சுசுருதர் பெயரால் வழங்கும் நூலிலேயே பிரேதத்தைச் சோதிக்கும் முறை எழுதப்பட்டிருக்கிறது என்றால், அந்தக் கையைக் கட்டிப்போட்டது எது என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஒரு சுவர் இடிந்தால் போதுமா?

நிற்க. கையும் ஏடும் சேர்ந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. இதற்கு வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்த சங்கதியைச் சொல்லுகிறோம். தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேட்கவேண்டும்.

அங்கே இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும் வேலை செய்தார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிகள் வேலை பழகினார்கள். 1846-ம் வருஷத்தில் டாக்டர்கள் வார்டில் பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் செத்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் செத்தவர்கள் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. அதிகம் படித்தவர்கள் இருந்த இடத்தில்தான் அதிகச் சாவு! முதல் வார்டு வேண்டாமென்று கர்ப்பிணிகள் காலில் விழுந்து கெஞ்சினார்கள்.

காரணம் பலவிதமாகச் சொல்லப்பட்டது. காற்றுக் கெடுதல் என்றார்கள். சாகப்போகிறவர்களுக்குச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு வருவதால் பெண்கள் பயந்து சாகிறார்கள் என்றுகூடச் சொல்லப்பட்டது. செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் எதையும் வாயால் மறுக்கவில்லை, சோதித்துப் பார்த்தார். பாதிரியாரை மணியில்லாமல் வேறு வழியாக வரும்படி செய்தார். சாவு குறையவில்லை.

1847-ல் அவருடைய நண்பரும், பிரேதப் பரிசோதனைத் துறைப் பேராசிரியருமான கொல்லெச்கா என்பவர், பிரேதம் அறுக்கும்போது மாணவன் கத்தி விரலில் பட்டு, ஜுரங்கண்டு இறந்துபோனார். அவர் உடம்பை அறுத்துப் பார்த்த அறிக்கையைப் படித்த செம்மல்வைஸ் திடுக்கிட்டார். பிரசவ ஜுரத்தில் செத்த பெண்கள் உடம்பில் இருந்த அதே குறிகள்! அப்பொழுதுதான் முடிச்சு அவிழ்ந்தது. டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிரேதம் அறுத்துவிட்டு, அதே கையோடு பிரசவ வார்டுக்குப் போனார்கள். மருத்துவச்சிகள் பிரேதம் அறுப்பதில்லை. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் வார்டுக்குள் போகக்கூடாது என்று அவ்வருஷம் மே மாதத்தில் உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேராக இருந்த சாவு ஜூலையில் ஏறக்குறைய ஒன்றாக இறங்கிவிட்டது.

தோழர்களே! இதில் கவனிக்கவேண்டியது என்ன? பிரேத அறைப் படிப்பு ஒரு துறை. பிரசவம் ஒரு துறை. ரசாயனம் ஒரு துறை. மூன்றும் ஒரே ஊரில் இருந்தன. ஆனால் மூன்றையும் ஒரே மூளைக்குள் வைத்துப் பார்க்க ஆளில்லாதவரையில் தாய்மார்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். வெசாலியஸ் கத்தியைக் கையிலெடுத்தது நியாயமே. ஆனால் அந்தக் கையைக் கழுவுவதற்கு வேறொரு அறையிலிருந்து அறிவு வரவேண்டியிருந்தது. அதையும் அன்றைய பெரிய டாக்டர்களில் பலர் ஒப்பவில்லை. எங்கள் கையா அசுத்தம் என்ற அகம்பாவம் ஒரு காரணம். செம்மல்வைஸ் 1865-ல் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் செத்தார். பின்னால் கிருமிகளைப் பற்றி உலகத்தின் கண்ணைத் திறந்தவர்களில் முதன்மையான பாஸ்டர் ஒரு வைத்தியரல்ல, ரசாயனக்காரர். அந்த ரசாயனக்காரர் எழுதியதைப் படித்துத்தான் லிஸ்டர் என்ற ரண வைத்தியர் 1865 முதல் காயங்களுக்குக் கார்பாலிக் மருந்தை உபயோகித்து உயிர்களைக் காத்தார். தன் துறைப் புஸ்தகத்தை மட்டும் படிப்பவராயிருந்தால் லிஸ்டருக்கு அது கிடைத்திருக்குமா?

தொழிற்சாலையும் வகுப்பும், நோயாளியும் புஸ்தகமும்

இந்தச் சுவர்களைக் காலேஜுக்குள்ளேயே இடித்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் சின்சினாட்டி சர்வகலாசாலையில் ஷ்னைடர் என்ற ஆசிரியர் 1906-ல் 27 என்ஜினீயரிங் மாணவர்களைக் கொண்டு ஒரு முறையைத் தொடங்கினார். மாணவன் ஒரு வாரம் வகுப்பில் இருப்பான். மறு வாரம் தொழிற்சாலையில் கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்வான். புஸ்தகத்தில் படித்ததை இயந்திரத்தில் பார்ப்பான். இயந்திரத்தில் எழுந்த சந்தேகத்தை வகுப்புக்குக் கொண்டுவருவான். பணமில்லாத வீட்டுப் பிள்ளையும் சம்பாதித்துக்கொண்டே படிக்க அதில் வழி இருந்தது. பிறகு அது பல தேசங்களுக்கும் பரவிற்று.

வைத்தியத்தில் கனடா தேசத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலை 1969-ல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. முதலில் இரண்டு வருஷம் எலும்பும் ரசாயனமும் மனப்பாடம் செய்துவிட்டுப் பிறகு நோயாளி முகத்தைப் பார்ப்பது என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, முதலிலேயே ஒரு நோயாளியின் கதையைச் சிறு கூட்டமான மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு சுரங்கத் தொழிலாளி மூச்சு வாங்குகிறது என்று வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்பது உடற்கூறு. அதில் படிந்த தூசி என்ன செய்கிறது என்பது ரசாயனம். அந்தத் தூசி அளவுக்கு மேல் ஏன் இருந்தது என்பது தொழிற்சட்டம். வேலையை விட்டால் அவர் குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்பது பொருளாதாரம். ஒரு மனிதனுடைய இருமலுக்குள் நாலு துறை இருக்கிறது. மாணவர்களே கேள்விகளைப் பிரித்துக்கொண்டு தேடிப் படித்து மறுபடி கூடி விவாதிக்கவேண்டும். ஆசிரியர் வழிகாட்டியாகப் பக்கத்தில் இருப்பார், பிரசங்கம் செய்யமாட்டார்.

இந்த முறையால் பரீட்சை மார்க்கு மிகவும் ஏறிவிட்டது என்று நாம் புளுகப் போவதில்லை. புஸ்தக அறிவில் பழைய முறை மாணவருக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் பல சோதனைகளில் காணப்படவில்லை. ஆனால் நோயாளியோடு பேசுவதிலும், தெரியாததைத் தானே தேடிப் படிப்பதிலும், மற்றவரோடு சேர்ந்து வேலை செய்வதிலும் இதனால் நன்மையுண்டு என்று காட்டிய ஆராய்ச்சிகள் இருக்கின்றன. நமது தேசத்திலும் 2019 முதல் வைத்தியக் கல்லூரிகளில், முதல் வருஷத்திலேயே நோயாளிகளைப் பார்க்கச் செய்வது, துறைகளை இணைத்துக் கற்பிப்பது என்று பாடத்திட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். காகிதத்தில் எழுதியது வார்டில் நடக்கிறதா என்று பார்ப்பது பொது ஜனங்களின் வேலை.

இயந்திரப் பாடம்

இனி இயந்திரத்தின் மூலம் படிப்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்மைப் போல் பிறர் படித்துப் போட்ட பத்திரிகையிலும் இரவல் புஸ்தகத்திலும் படித்து வளர்ந்தவனுக்கு இதில் வெறுப்பு வர நியாயமில்லை. இங்கிலாந்தில் திறந்த சர்வகலாசாலை என்பது 1969-ல் ஏற்பட்டு, 1971-ல் பாடம் தொடங்கிற்று. முன்பு என்ன பாஸ் செய்தாய் என்று அது கேட்கவில்லை. பாடம் தபாலில் வந்தது. ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பிரசங்கம் வந்தது. ஆனால் அத்தோடு விட்டுவிடவில்லை. சயன்ஸ் மாணவர்கள் வீட்டுக்கே சோதனைச் சாமான் பெட்டியை அனுப்பினார்கள். ஊர்தோறும் சந்தேகம் தீர்க்க ஆசிரியர்களை வைத்தார்கள். கோடையில் ஒரு வாரம் நேரில் கூட்டி வைத்துக் கற்பித்தார்கள். தொழிலாளிகளும் குடும்ப ஸ்திரீகளும் பட்டதாரிகளானார்கள். கலப்புப் படிப்பு என்ற பேச்சு பரவுவதற்கு வெகு காலம் முந்தியே நடந்த நல்ல கலப்பு அது.

2020-ல் கொரோனா வந்து உலகமெங்கும் பள்ளிகளும் காலேஜுகளும் மூடப்பட்டபோது நடந்ததோ வேறு சங்கதி. நமக்குத் தெரிந்த ஒரு நெசவுத் தொழிலாளி வீட்டுப் பெண் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரே செல்போன். அதை அவளும் தம்பியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். மொட்டை மாடிக்குப் போனால்தான் சிக்னல். மின்சார மோட்டாரைச் சோதிக்கும் பாடம் ஒரு படமாக வந்தது. அளவுகளையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். அவள் அதை நோட்டில் எழுதி அனுப்பினாள். "மாமா! மோட்டாரைத் தொடாமலேயே மோட்டாரில் 90 மார்க் வாங்கிவிட்டேன்" என்று அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய பாதுவா நாற்காலி ஞாபகம் வந்தது.

நெருக்கடிக் காலத்தில் வேறு வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் காலேஜ் திறந்த பிறகும் சில சோதனைகளை அந்தப் படத்திலேயே முடித்துவிட்டு, அதற்குக் கலப்புப் படிப்பு என்று பெயரும் வைத்தார்கள் என்றாள் அவள். சம்பளம் மாத்திரம் குறையவில்லை. இது கலப்புப் படிப்பா, கலப்படப் படிப்பா?

அதே பெண் இன்னொன்றும் சொன்னாள். ஐ.ஐ.டி.க்கள் இலவசமாக வெளியிட்டு வரும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் கணிதத்தைக் கேட்டாளாம். வகுப்பில் எழுந்து கேட்க வெட்கப்பட்டதை, நாலு தரம் நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் புரிந்துகொண்டாளாம். கேலி செய்ய அங்கே ஆளில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு இது சாமானிய உதவியா? ஆகவே இயந்திரத்தைச் சபிப்பதும் முட்டாள்தனம். அதைக் கும்பிடுவதும் முட்டாள்தனம். எதற்கு அது உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அறிவு.

பிரசங்கத்தை இயந்திரம் எத்தனை தரமானாலும் சலிக்காமல் சொல்லும். ஆனால் ஊசி போடும் கை நடுங்கினால் அந்தக் கையைப் பிடித்துத் திருத்தாது. கருகுகிற கம்பியின் நாற்றத்தைக் காட்டாது. ஆகவே பிரசங்கம் கேட்பதை வீட்டுக்கு விட்டு, காலேஜில் கூடும் நேரத்தைச் செய்வதற்கும், கேட்பதற்கும், தர்க்கம் செய்வதற்கும் வைத்துக்கொண்டால் அது லாபம். செய்வதைப் படமாக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அது மோசம். 2010-ல் அமெரிக்க அரசாங்கக் கல்வி இலாகா, அதற்குமுன் நடந்த பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வகுப்பு மட்டும் உள்ள முறையைவிடக் கலந்த முறையில் மாணவர் சிறிது அதிகம் கற்றதாகச் சொல்லிற்று. ஆனால் கலந்த முறையில் பெரும்பாலும் அதிக நேரமும் அதிகப் பாடச் சாமான்களும் கொடுக்கப்பட்டிருந்ததால், பெருமை முழுவதையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிடக்கூடாது என்றும் அதுவே எச்சரித்தது. ஆசிரியரையும் பரிசோதனைச் சாலையையும் குறைப்பதற்காகக் கலப்பு என்று சொல்லுகிறவர்கள் இந்தப் பாதியை மட்டும் மறைத்துவிடுவார்கள்.

நாம் கேட்கவேண்டிய கேள்விகள்

2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 40 வரையில் ஸ்வயம் என்ற இயந்திரப் பாடத்தின் மூலம் படிக்க இடம் கொடுத்து விதி செய்தது. இதை நல்லதற்கும் உபயோகிக்கலாம். செலவைக் குறைக்கவும் உபயோகிக்கலாம். எதற்கு என்பது கேட்பாரைப் பொறுத்தது. பிள்ளையைக் காலேஜில் சேர்க்கப் போகும்போது நாள் நட்சத்திரம் பார்க்கிறீர்கள். கட்டடத்தின் உயரத்தைப் பார்க்கிறீர்கள். அதை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் தன் கையால் வேலை செய்யும்? இயந்திரத்தில் கேட்டது புரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல எந்த ஆசிரியர் இருப்பார்? வேறு துறை மாணவரோடு சேர்ந்து ஒரு மெய்யான காரியத்தை, ஒரு ஊர்க் குடிதண்ணீரையோ ஒரு நோயையோ, ஆராய என் பிள்ளைக்கு இடமுண்டா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லமுடியாத காலேஜ் எவ்வளவு உயரமாயிருந்தாலும், அது அந்தப் பழைய நாற்காலியின் உயரந்தான்.

இந்த வாசகசாலை வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் மோட்டார் பழுது பார்க்கிறவர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், கணிதம் படித்தவர் இருக்கிறார், விவசாயி இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் இங்கே கூடி, ஒருவர் தொழிலை ஒருவருக்குச் சொல்லுங்கள். செல்போனில் ஒரு பாடத்தைச் சேர்ந்து கேளுங்கள். கேட்டதை மறுநாள் கிணற்று மோட்டாரில் செய்து பாருங்கள். அதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

கையால் வேலை செய்பவனை அறிவற்றவன் என்றும், அறிவுள்ளவன் கையால் வேலை செய்யக்கூடாது என்றும் சொன்ன ஏற்பாட்டினால் நாம் பட்ட பாடு போதும். அதே ஏற்பாடு கம்ப்யூட்டருக்குள் புகுந்துகொண்டு, பணக்காரப் பிள்ளைக்குப் பரிசோதனைச் சாலையும் ஏழைப் பிள்ளைக்குப் படமும் என்று மறுபடியும் வருமானால், அதை எதிர்க்கவேண்டியது நமது கடமை.